பரிசல்காரருக்கு ஓர் இலை

சிவகாமி அம்மையின் மடத்தில் தேவாரமும் உண்டு, டேட்டாபேஸும் உண்டு. சீடன் நல்லசிவத்துக்கு இரண்டாவதில்தான் பித்து.

அந்த ஐப்பசியில் ஆறு கரையை உடைத்தது. ஊரே மடத்தில் வந்து தஞ்சம் புகுந்தது. நல்லசிவம் கம்ப்யூட்டரில் இரண்டு டேபிள், அதாவது அட்டவணை, போட்டான். ஒன்றில் வந்தவர்களின் பெயரும் அவர்கள் தங்கும் அறை எண்ணும். மற்றதில் எந்த அறைக்கு யார் சோறு கொண்டுபோவது என்ற விவரம். அறை எண்ணை வைத்து இரண்டையும் ஜாயின் செய்தான். அடேயப்பா, பட்டியல் பொலபொலவென்று வந்து விழுந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அறை அறையாகச் சோறு போனது.

"என்ன அழகும்மா! ரெண்டு டேபிளும் தனித்தனியா கிடக்கு. ஒரே ஒரு நம்பரைக் காட்டினா போதும், கை கோத்துக்குது!"

"அழகுதான்," என்றார் அம்மை. அவருக்கும் அதில் கொள்ளை ஆசை. "எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஒருத்தர் விடாம."

அம்மை ஜன்னல் வழியே பார்த்தார். தோப்பில் ஒரு பரிசல் கவிழ்ந்து கிடந்தது; அதன் அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. தனக்கு வைத்திருந்த சோற்றை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நல்லசிவம் பின்னால் ஓடினான்.

பரிசலுக்கு அடியில் தங்கச்சாமி சுருண்டு படுத்திருந்தார். ஊரையே அக்கரையிலிருந்து கொண்டுவந்து சேர்த்த மனுஷர். கடைசி ஆளாக அவர் வந்தபோது மடத்தில் அறை மிச்சமில்லை. காலையிலிருந்து வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. சோற்றை அள்ளி அள்ளித் தின்றார்.

நல்லசிவம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைப் பெற்றவளைப் பரிசலில் கொண்டுவந்தவரும் இவர்தானே.

"இவர் பேரு முதல் டேபிள்ல இருக்கும்மா. அறை நம்பர் மட்டும் காலி. ஜோடி கிடைக்கலைன்னு ஜாயின் இவரைக் கழிச்சு விட்டுடுச்சு. நான் எப்படித்தான் சேர்க்கணும்?"

மடத்துக்குத் திரும்பியதும் அம்மை வாழையிலைக் கட்டை அவன் கையில் கொடுத்தார்.

"வந்தவங்க அத்தனை பேருக்கும் முதல்ல இலை போடு. அப்புறமா எந்த இலைக்கு என்ன வந்திருக்குன்னு பாரு. ஒண்ணும் வரலைன்னா, இலை காலியாவே கிடக்கட்டும்."

"காலி இலையா? பார்க்க நல்லா இருக்காதேம்மா."

"இருக்காதுதான். அதைப் பார்த்துத்தான் யாராவது சோத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க."