பிடித்த தட்டும் பிடிக்காத தட்டும்

அன்று மாஸ்டரின் அறையில் இருந்தவர்கள் நால்வர். லூர்து மாஸ்டர். அவரிடம் பாட்டுக் கேட்கப் பழகிக்கொண்டிருந்த அருணகிரி, மாஸ்டரைவிட ஒன்பது வயது மூத்தவர். தேநீர் கொண்டுவந்த காதர் பாய். கதவோரத்தில் நான்.

அருணகிரி தம் இசைத்தட்டுகளோடு, புதிதாக வாங்கிய ரெக்கார்டு பிளேயரையும் கட்டி எடுத்து வந்திருந்தார். மாலை ஆறு மணிக்குள் கொடுத்தால் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாராம்.

“மாஸ்டர், இது என் தட்டையெல்லாம் கெடுக்குது. பழைய ரெக்கார்டு பெட்டியில இழைஞ்சு வந்த நாதஸ்வரம், இதுல சோளம் மாதிரி பொரியுது.”

“கட்டைப் பிரிங்க அண்ணே.”

மாஸ்டர் முள்ளைத் துடைத்தார். தட்டின்மேல் அது அழுத்தும் எடையைச் சரிபார்த்தார். நாதஸ்வரத்தைப் போட்டார். பொரிந்தது.

“நான் சொன்னேன்ல?” என்றார் அருணகிரி.

“சொன்னீங்க. இதுல உங்களுக்குப் பிடிக்காத தட்டு எது?”

அருணகிரி யோசிக்கவேயில்லை. “மச்சான் குடுத்த வீணை. ரெண்டு தடவைகூடப் போட்டதில்ல. பழைய பெட்டியில சவசவன்னு இருந்துச்சு.”

மாஸ்டர் அதைப் போட்டார். அதே பிளேயர், அதே முள். தந்தியில் விரல் வழுக்கிப் போவது கேட்டது. வாசித்தவர் மூச்சு விடுவதும் கேட்டது. காதர் பாய் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

தட்டு முடிந்தது. அருணகிரி மெதுவாகச் சொன்னார்:

“நாதஸ்வரத் தட்டுல முள்ளு துள்ளும் மாஸ்டர். துள்ளாம இருக்க, பழைய பெட்டியில முள்ளு மேல நாலணாக் காசு வெச்சு ஓட்டுவேன்.”

“அது ஒண்ணுக்கு மட்டுமா?”

“பிடிச்சதுக்கெல்லாம். தினமும்.”

“முள்ளு தட்டை உழுதிருக்கும் அண்ணே.”

“பிடிச்சவங்க தோள்லதானே ஏறி உக்காருவோம்,” என்றார் காதர் பாய்.

அருணகிரி சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாக இன்னும் அரை மணி இருந்தது.

“இதைத் திருப்பிக் குடுத்துட்டுப் பழைய பெட்டிக்கே போயிடறேன். அதுல இந்தப் பொரியற சத்தம் கேக்காதுல்ல?”

“கேக்காது,” என்றார் மாஸ்டர். “வீணையும் கேக்காது.”

அருணகிரி கட்டுக்கயிற்றைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த தட்டை உறையிலிருந்து உருவினார்.

ஆறு மணி தாண்டியதை யாரும் சொல்லவில்லை. கொண்டுவந்த முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அவருக்குப் பிடித்த இருபத்தைந்தும் பொரிந்தன.

மிச்சம் ஏழு.