கரடியக்காவின் மூச்சு

காட்டுக் குளம் வற்றிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு மாதம் தண்ணீர் தாங்கினால் பெரிய விஷயம். விலங்குகள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரிக்குக் கிளம்பிவிட்டன.

கரடியக்கா மட்டும் கரையிலேயே உட்கார்ந்திருந்தது. போன வருஷம் காட்டுத்தீயின் புகையில் மாட்டிக்கொண்டதிலிருந்து அதற்கு மூச்சிரைப்பு. பத்தடி ஏறினால் நெஞ்சை அடைக்கும். மலை ஏற முடியாவிட்டால் தாகத்தில் சாக வேண்டியதுதான், பாவம்!

"நீயாவது போய்ப் பிழைச்சுக்கோடா!" என்றது தன் கூட்டாளி குரங்கிடம்.

"வாயைக் கழுவுக்கா! உன்னை விட்டுட்டு நான் எங்கே போறது?"

இதைக் கேட்ட ஒரு நாரை பக்கத்தில் வந்தது. அது சீன தேசத்திலிருந்து வலசை வந்த பறவை. தினமும் விடியற்காலையில் குளத்தோரம் நின்று சிறகை மெல்ல விரிக்கும், மெல்ல மடக்கும்.

"எங்க ஊர்ல இந்த மூச்சுப் பயிற்சிக்கு சீகோங்னு பேரு. நீயும் செய்றியா?" என்று கேட்டது.

"செஞ்சா மலை ஏறிடுவேனா?"

"செஞ்சு பார்ப்போம். முழங்காலைத் தளர்த்தி நில்லு. தோளை இறக்கு. மூச்சு அடிவயிறு வரைக்கும் போகட்டும். அது போற வேகத்துல கை ஏறட்டும், இறங்கட்டும். முடியலைன்னா நிறுத்திடு. தினமும் கொஞ்சம் போதும்."

பத்து நாள் போனது. கரடிக்கு இருமல் குறைந்தது. தூக்கம் நன்றாக வந்தது. இருபதடி ஏற முடிந்தது.

குரங்குக்குத்தான் பொறுக்கவில்லை. "இருபதடியா? மலை எவ்வளவு உயரம்னு பார்த்தியா?" என்று குதித்தது.

நாரை இரை தேடிப் பக்கத்துச் சதுப்புக்குப் போன அன்று, குரங்கே வாத்தியார் ஆகிவிட்டது! பார்த்ததை அப்படியே செய்து காட்டுவதில் குரங்கை மிஞ்ச ஆள் உண்டா? கையை விரித்தது, மடக்கியது, ஒற்றைக் காலில் நின்றது. நாரையே அசந்துபோயிருக்கும்.

"வேகமா செய்யுக்கா! மூச்சைப் பிடிச்சுக்கோ! ஒரு மாச வேலையை இன்னிக்கே முடிச்சிடலாம்!"

கரடிக்கும் உள்ளூர பயம். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டதே! சொன்னபடியெல்லாம் ஆடியது. கொஞ்ச நேரத்தில் கண் செருகி, அப்படியே சரிந்து விழுந்தது.

"ஐயோ அக்கா! நானே உன்னைக் கொன்னுட்டேனே!" குரங்கு தலையில் அடித்துக்கொண்டு அழுதது.

நல்லவேளை, நாரை திரும்பி வந்தது. சிறகை நனைத்துக் கரடியின் முகத்தில் தெளித்தது. வெகுநேரம் கழித்துக் கரடி கண் திறந்தது.

"உன்னைப் பார்த்துத்தானே சொல்லிக்கொடுத்தேன்! ஒரு அசைவுகூடத் தப்பலையே!" என்று விம்மியது குரங்கு.

"என் சிறகைப் பார்த்தே, சரி. என் மூச்சைப் பார்த்தியா?"

குரங்கு நாரையின் வயிற்றை உற்றுப் பார்த்தது. மூச்சு எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறது?

"உள்ளே மூச்சு திணறும்போது வெளியே கை ஆடி என்ன புண்ணியம்? அக்கா மேல உனக்கு உயிர். அவசரம்தான் உன்னைக் கெடுத்துடுச்சு" என்றது நாரை. அதற்குமேல் திட்டவில்லை.

மறுநாள் முதல் குரங்கு கரடியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டது. வயிறு ஏறினால், "இப்ப கையைத் தூக்கு" என்றது. இறங்கினால், "இப்ப இறக்கு" என்றது. பிறந்ததிலிருந்து ஒரு நிமிஷம் சும்மா நின்றறியாத குரங்கு அது! அக்காவுக்காக நின்றது.

பதினெட்டாம் நாள் குளத்தில் சேறுதான் மிச்சம். நாரை மேலே பறக்க, இரண்டும் கிளம்பின. கரடி நாலடி வைத்தது. நின்று, மூச்சை அடிவயிறு வரை இழுத்து விட்டது. மறுபடி நாலடி. குரங்கு முந்தவில்லை, "சீக்கிரம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பொழுது சாயும்போது மலையைத் தாண்டிவிட்டன. கரடியக்கா ஏரியில் முகம் புதைத்து வயிறாரக் குடித்தது. குரங்கு தன் தாகத்தையே மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

உடம்பை விரட்டி வேலை வாங்க முடியாது; மூச்சைக் கவனித்து, தினமும் கொஞ்சமாக, பொறுமையாகப் பழக்கினால்தான் அது நம்மோடு வரும்.