அறுத்த வாசற்படி

கற்றுக்கொடுக்கிறவள் தெக்லா, வயது முப்பத்தெட்டு. கற்றுக்கொள்கிறவர் ஞானசிகாமணி, கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தூத்துக்குடியில் இரண்டு வருஷமாக அவளிடம் பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறார். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்கிற பழக்கம் தெக்லாவுக்குக் கிடையாது. காத்திருக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை மனைவி ஹெப்சிபாவை ஏற்றிக்கொண்டு மினிக்காய் தீவுக்குப் புறப்படுவதாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அன்று புதன்.

"ஒரே கேள்வி டீச்சர். இந்தப் படகு நடுக்கடலைத் தாங்குமா, தாங்காதா?"

தெக்லா படகில் இறங்கி உட்கார்ந்தாள்.

"பாய் புதுசு. கயிறு புதுசு. அடிப்பக்கம் ஒரு கீறல் கிடையாது. ரேடியோவே ரெண்டு இருக்கு." அவர் விரல் பாய்மரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. "தாங்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அரிசி பருப்பை ஏத்திருவேன்."

"மதினிக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன? அப்படியேதான் இருக்கு. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு."

பெருமையாகக் காட்டினார். சுக்கான் பிடிப்பவர் உட்காரும் குழியிலிருந்து உள்ளறைக்குப் போகிற வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி இருந்தது. அதை நாலு விரல் உயரம் விட்டு அறுத்திருந்தார்.

"இனி வீட்டுக்குள்ள போற மாதிரி போயிருவா."

தெக்லா எழுந்தாள். கரையிலிருந்த மோட்டார் குழாயை இழுத்து வந்தாள். கடல்தண்ணீரைக் குழிக்குள் திருப்பினாள்.

"காலையிலதான் கழுவினேன், டீச்சர்."

தண்ணீர் அவர் கால்விரல்களை மூடியது. குழியின் அடியில் கட்டைவிரல் பருமனில் இரண்டு வடிகால் ஓட்டைகள். மெதுவாகக் குடித்தன.

"வடிஞ்சிரும்."

"எவ்வளவு நேரத்துல?"

"குழி நிறைஞ்சா அஞ்சு நிமிஷம். கணக்குப் போட்டிருக்கேன்."

"அடுத்த அலை எப்ப வரும், அண்ணாச்சி?"

விரல் தட்டுவதை நிறுத்தியது.

தண்ணீர் நாலு விரலையும் தாண்டி உள்ளே சரிந்தது. உள்ளே ஹெப்சிபாவின் மெத்தை. அவளே தைத்த பூப்போட்ட உறை.

"நிறுத்துங்க. மெத்தை நனையுது."

"அங்க போய் யாரை நிறுத்தச் சொல்வீங்க?"

மெத்தையின் பாதி நிறம் மாறிய பிறகுதான் தெக்லா குழாயை மூடினாள்.

"நல்லதுக்குத்தான் டீச்சர் செஞ்சேன்." குரல் இறங்கியிருந்தது. "அவ காலைத் தூக்கி வைக்கக் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் அறுத்தேன்."

"தெரியும், அண்ணாச்சி. இப்ப கடலும் காலைத் தூக்க வேண்டாம்."