காசில் பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதரோடு பேசி வழக்காடிய நாளில், ஆற்றங்கரை நகரம் ஒன்றை ஓர் ஆயர், அதாவது பிஷப், ஆண்டார். பூசை வைத்தவரும் அவரே, வரி வாங்கியவரும் அவரே. அவர் செய்ததை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசையை மாற்றிச் சொல்வது அவருடைய ஆட்களின் வேலை.

முதலில் படகுத்துறையை எடுத்துக்கொண்டார். இரண்டாவது, மாவு ஆலையை. மூன்றாவது, ஆண்டுதோறும் சந்தை நாளில் பழைய வெள்ளிக்காசு செல்லாது என்று அறிவித்து, நான்கு பழையதுக்கு மூன்று புதியது கொடுத்தார். நான்காவது, புதுக்காசை இலைபோல் மெல்லியதாக்கினார். ஐந்தாவது, செம்புத் தகட்டுக்கு வெள்ளி பூசிக் காசென்று கொடுத்தார்.

அப்போது காசில் ஒரு சிலுவை மட்டுமே இருக்கும். பெயர் ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஊட்டா என்ற உப்புக்காரி ஆயரின் ஆட்கள் சந்தையில் போட்டிருந்த மேசையிலேயே மாற்றிய காசைக் கொடுத்துப் பார்லி வாங்கினாள். காசு வளைந்து, வெள்ளி உரிந்து, செம்பு தெரிந்தது. கள்ளக்காசு கொடுத்தவரின் வலது கையை வெட்டுவது அங்கே சட்டம்.

மன்றத்தில் ஆயர், அது தம் காசு அல்ல, எவனோ திருடன் அடித்தது என்றார். காசடிக்கும் கூடத்தின் கூரையில் குடியிருந்த காகம் சாட்சி சொல்ல வந்தது. உள்ளே செம்பு போனதைக் கண்ணால் பார்த்ததாம். வேதத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார் எழுத்தர்.

“கை இருந்தால் வைத்திருப்பேன் ஐயா. இருந்திருந்தால் அதையும் வெட்டியிருப்பீர்கள்” என்றது காகம்.

கூட்டம் சிரித்தது. சாட்சியம் தள்ளுபடியானது.

ஊட்டா அழவில்லை. “ஆண்டவரே, உங்கள் காசு எது, திருடன் காசு எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் பெயரை அதில் போடுங்கள். அந்தப் பெயரைப் போட எந்தத் திருடனுக்குத் துணிச்சல் வரும்?”

ஆயருக்கு அது இனித்தது. வெள்ளியில் தம் பெயர், ஊர் ஊராகப் போகும். உடனே உத்தரவிட்டார். புதுக்காசோடு தன் காசை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையை வெட்டலாம் என்று ஊட்டா கேட்டதற்கும் தலையாட்டினார்.

பெயரைப் பொறிக்கச் சொன்னவர் செம்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஏன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். பழகிப்போன திருட்டு, செய்கிறவன் கண்ணுக்கே தெரியாமல் போகிறது போலும்.

அடுத்த சந்தை நாளில், ஏழு சாட்சிகள் முன்னால், ஆயரின் பையிலிருந்தே ஒரு புதுக்காசை எடுத்தாள் ஊட்டா. வலது கையின் இரண்டு விரல்களால் வளைத்தாள். உள்ளே சிவப்பு.

“இது யாருடைய காசு? வாசியுங்கள் ஐயா” என்றாள்.

எழுத்தர் ஆயரைப் பார்த்தார். ஆயர் தரையைப் பார்த்தார். ஊட்டாவின் கை அவளுக்கே மிஞ்சியது.

அன்று முதல்தான் பெயரில்லாத காசை மக்கள் வாங்க மறுத்தார்கள். காசடிப்பவர்களும் தங்கள் பெயரைப் பொறிக்கலானார்கள். அதைப் பெருமை என்று சொல்பவர்கள், எழுத்தர் எழுந்து நின்று, காசை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்ததைக் கேட்டிருக்க வேண்டும்:

“லுயிட்போல்ட். இந்நகரத்து ஆயர்.”