மீன் தொட்டியின் இடது மூலை

"இனிமே அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன்மா. இங்கேயே ஒரு ஓரமாக் கிடந்துட்டுப் போறேன்."

பையும் கையுமாக வந்து நின்றார் தெய்வசிகாமணி.

மரகதம்மா மீன் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மலையடிவாரத்தில் இருந்த அந்த இரண்டு அறை வீட்டைத்தான் ஊர் மடம் என்றது, அவளைக் குரு என்றது. இருவருக்கும் ஒரே வயசு. ஆனாலும் சிகாமணிக்கு அவள் அம்மாதான்.

"பையன் என்ன பண்ணான்?"

"கத்துறான். பங்கஜம் செத்ததிலேர்ந்து இதே கதை. சோறு வச்சா கத்துறான், சாப்பிட்டியாடான்னு கேட்டா கத்துறான். அம்மா இருந்திருந்தா, அம்மா இருந்திருந்தான்னு. வீட்டுக்குள்ள போனாலே மூச்சு முட்டுது."

"அதனால?"

"ஹோட்டல்ல அவனுக்குச் சாப்பாட்டுக்குச் சொல்லிட்டேன். நல்லது கெட்டதை இங்கிருந்தே போன்ல சொல்லிக்கிறேன். வேற என்னதான் பண்றது?"

மரகதம்மா தொட்டியைக் காட்டினாள். இடது மூலையில் கண்ணாடிச் சில்லு பெயர்ந்து, அந்த வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, இரு. முதல்ல இதை அடை."

பசைக் குழாயை நீட்டினாள்.

சிகாமணி கெட்டிக்காரர். அதாவது, அவருக்கு அப்படி ஒரு நினைப்பு. தொட்டியின் வெளிப்பக்கத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். மூலை நெடுகப் பசையை இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

விடிந்து பார்த்தால் பசை கொப்புளமாக உப்பியிருந்தது. தரையெல்லாம் ஈரம்.

இன்னும் தடிமனாக அப்பினார். அதையும் தண்ணீர் பிய்த்துத் தள்ளியது.

"சனியன் பிடிச்ச தண்ணி! உள்ளேர்ந்து தள்ளிக்கிட்டே இருக்கும்மா."

"உள்பக்கம் பூசேன்."

"உள்ளயா? மீனை எடுக்கணும், தண்ணியை இறைக்கணும், கல்லைக் கழுவணும், பாசியைச் சுரண்டணும். யாரும்மா அவ்வளவு பாடுபடுறது?"

மரகதம்மா சிரித்தாள். கோபமே வராது அந்த மகராசிக்கு. சமையல் அண்டாவைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். மீன்கள் அண்டாவுக்குப் போயின. அன்றைக்கு மடத்தில் குழம்பு கிடையாது, மோர்ச்சோறும் ஊறுகாயும்தான்.

தண்ணீரை இறைத்து, பழைய பசையை பிளேடால் சுரண்டி, ஈரம் போகக் காயவைத்தார். பிறகு தலையைத் தொட்டிக்குள் விட்டார். பாசி வீச்சமும் பசையின் புளித்த நெடியும் குப்பென்று அடித்தன. கண்ணில் நீர் வழிந்தது.

"மூச்சு முட்டுதா?"

"முட்டுதும்மா."

"செத்துட்டியா?"

"இல்ல."

"அப்பப் பூசு."

பூசினார். பெயர்ந்த இடத்தின் மேல் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து அழுத்தினார்.

பசை காய்ந்துகொண்டிருந்தபோது ஹோட்டல்காரர் போன் செய்தார். "சார், நாங்க வச்ச பொட்டலம் எல்லாம் வாசல்லயே கிடக்கு. தம்பி எதையும் பிரிக்கல."

சிகாமணி போனை வைத்தார். அன்றைக்கு மோர்ச்சோறு அவருக்கும் இறங்கவில்லை.

மறுநாள் தொட்டியில் தண்ணீரைச் செம்பு செம்பாகத்தான் ஊற்றினார்.

"தண்ணி தள்ளுமேம்மா."

"தள்ளட்டும்."

தொட்டி நிறைந்தது. மூலைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சிகாமணி. ஒரு சொட்டு விழவில்லை.

"எப்படிம்மா? அதே தண்ணிதானே?"

"அதேதான்."

"அன்னிக்குப் பிய்ச்சுத் தள்ளுச்சே?"

"இப்பவும் தள்ளத்தான் செய்யுது. பசை உள்ள இருக்கு பாரு, அதைக் கண்ணாடியோட சேர்த்து அமுக்குது."

மீன்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விட்டார். சிவப்பு மீன் ஒன்று நேராகப் போய் அந்த மூலையை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து பையை எடுத்தார்.

மரகதம்மா மோர்ச்சோறு கட்டி வைத்திருந்தாள், இரண்டு பேருக்கு. அதை அவர் கையில் திணித்தாள்.

வாசலில் செருப்பை மாட்டியவர் தயங்கி நின்றார்.

"அவன் கத்துவான்மா."

"கத்தட்டும்."