நாற்பது குடம்

மலை ஒன்று இருந்ததாம். அதன் சரிவில் முப்பது ஓடைகளாம். முப்பதும் அடிவாரத்தில் ஒரே வாய்க்காலில் விழுந்து, ஓர் ஊரின் நடுவே ஓடினவாம். வாய்க்காலின் அகலம் இருபது முழம்.

அந்த ஊரில் ஏகாம்பரம் என்றொரு கொத்தனார். தலை நரைத்த பிறகு, ஏரி மடையைக் காத்துவந்த வடிவாச்சியம்மாளிடம் நீர்க்கணக்குப் படிக்கப் போனார். குருவுக்குச் சீடரைவிட நாலு வயது குறைவு.

"வாய்க்காலை உச்சத்துக்குக் கட்டணும்" என்பார் வடிவாச்சியம்மாள்.

"உச்சம்னா என்னம்மா? மூணு வருஷமா வாய்க்கால்ல குச்சி நட்டு அளந்து பார்க்கிறேன். தண்ணி முழங்காலைத் தாண்டலையே."

அதற்கு அவர் பதில் சொன்னதே இல்லை.

ஏகாம்பரம் பொறுமை இழந்தார். வாய்க்காலை ஆறு முழமாக ஒடுக்கினார். மிச்சமான இடத்தில் மகள் பூரணிக்கு ஒரு வீடு கட்டினார்.

புதுவீடு புகும் நாளில் அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டுக்கொரு பெண் குடம் தண்ணீர் கொண்டுவந்து முற்றத்தில் ஊற்ற வேண்டும். தேங்காமல் வடிந்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள்.

நாற்பது பேர் வந்தார்கள். ஒருத்தி ஊற்றியது வடிந்ததும் அடுத்தவள் ஊற்றினாள். மூலைத் துளை வழியாக எல்லாம் சலசலவென்று வெளியேறியது.

"பார்த்தீங்களாம்மா? நாற்பது குடம். ஒரு சொட்டு நிக்கலே" என்றார் ஏகாம்பரம், விழாவுக்கு வந்திருந்த வடிவாச்சியம்மாளிடம்.

"துளைக்கு அளவு வச்சது யாரு?"

"நான்தான்."

"கெட்டிக்காரர்தான்" என்ற வடிவாச்சியம்மாள், பெண்கள் பக்கம் திரும்பினார். "மறுபடியும் நிறைச்சுக்கிட்டு வாங்கடி."

"எதுக்குக்கா, எங்க இடுப்பு ஒடியவா?" என்றாள் ஒருத்தி. சிரித்துக்கொண்டே போய் நிறைத்து வந்தார்கள்.

"முற்றத்தைச் சுத்தி நில்லுங்க. நான் கை தட்டினதும் எல்லாரும் ஒண்ணா ஊத்தணும்."

தட்டினார்.

கண் இமைப்பதற்குள் முற்றம் நிறைந்தது. தண்ணீர் விளிம்பு தாண்டிக் கூடத்துக்குள் பாய்ந்தது. கோலம் கரைந்தது. தரையில் ஏற்றி வைத்திருந்த அகல் 'சொய்' என்று அணைந்தது. பாயில் கிடந்த குழந்தை வீறிட்டது. பூரணி அலறிக்கொண்டு ஓடிப் பிள்ளையை வாரியெடுத்தாள்.

புதுவீட்டு விளக்கு அணைந்து போயிற்றே!

"என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்றார் ஏகாம்பரம்.

"எத்தனை குடம், கொத்தனாரே?"

"நாற்பது."

"முன்னே ஊத்தினது?"

"அதுவும் நாற்பதுதான். அதுக்காக... எல்லாரும் ஒரே நேரத்திலே ஊத்தினா..."

அவர் பார்வை ஜன்னல் வழியே மலைக்குப் போயிற்று. முப்பது ஓடைகளும் வெயிலில் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. ஒன்றில் தண்ணீர் மின்னியது. மற்றவை காய்ந்து கிடந்தன.

பெண்கள் காலிக் குடங்களோடு கலைந்தார்கள்.

"அம்மா," ஏகாம்பரம் கேட்டார். "முப்பதும் ஒண்ணா பெருகி வர்ற அந்த நாள் எப்போ வரும்?"

வடிவாச்சியம்மாள் நனைந்த முந்தானையைப் பிழிந்தார்.

"அன்னைக்குக் கை தட்டப்போறது நான் இல்லையே, கொத்தனாரே."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஏகாம்பரம் மூலையில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்து, வாய்க்கால் பக்கத்துச் சுவரில் ஊன்றினார். பூரணி அப்பாவையும் கடப்பாரையையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டி நடந்தாள்.