காவல் இருந்த மீன்

மீனைச் சாக்கடையில் விடப்போவதாகச் சொல்லிக்கொண்டேதான் தெய்வசிகாமணி மாடி ஏறி வந்தார். கையில் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் நீல ஃபைட்டர் மீன் ஒன்று, ஊரில் நடந்த எதுவும் தனக்குத் தெரியாது என்பதுபோல் வாலை விரித்து மிதந்துகொண்டிருந்தது.

மாடி முழுக்கத் தொட்டிகள். கொளத்தூரில் ஃபைட்டர் வளர்க்க ஆசைப்பட்டால் பிலோமினாவைப் போய்ப் பார் என்பார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் தெய்வசிகாமணி. ஆறு மாதமாக அவளிடம் பாடம் கேட்கிறார். விளையாட்டாக ‘குருவே’ என்று கூப்பிட ஆரம்பித்தவர், இப்போது விளையாட்டில்லாமலே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“தின்னுட்டான், குருவே.”

“எதை?”

“முட்டையை. ஒண்ணு விடாம. பெத்த தகப்பன்!”

ஃபைட்டரில் முட்டைக்குக் காவல் ஆண்தான். தண்ணீருக்கு மேலே எச்சில் நுரையால் கூடு கட்டி, முட்டைகளை அதில் ஒட்டி, கீழேயே நிற்கும். நழுவி விழுவதை வாயில் கவ்விவந்து மறுபடி ஒட்டும். தாய் பக்கத்தில் வந்தால் அவளையே கடித்துக் குதறும் என்பதால் அவளை முதலிலேயே எடுத்துவிடுவார்கள்.

“நல்லா பாத்துக்கிட்டீங்களா சார்?”

அவருக்குச் சுருக்கென்றது. “நானா? ஐ.சி.யூ. பேஷண்ட்டைப் பாக்கற மாதிரி பாத்தேம்மா. மணிக்கொரு தபா மூடியைத் தெறந்து, டார்ச் அடிச்சு, முட்டைய எண்ணி, தண்ணி சூடு எவ்வளவுன்னு நோட்டுல எழுதி… சோப்பு போட்டு, நல்லாக் கழுவித் தொடச்ச கையோடதான் கிட்டயே போவேன். கீழ விழுந்த முட்டையக்கூட நானே ஸ்பூனால எடுத்து நுரையில வெச்சேன்.”

“அது அவன் வேலையாச்சே.”

“ஒத்தை ஆளா அவன் எவ்வளவு செய்வான்?”

பிலோமினா சிரிக்கவில்லை.

“இவன் வேணாம் குருவே. சாக்கடையில விட்டுட்டு வரேன். நல்ல தகப்பனா ஒருத்தனைக் குடுங்க.”

“வாங்க, காட்டறேன்.”

மூலையில் ஈரச் சாக்கு போர்த்திய ஒரு தொட்டி. அவருக்குத் தெரியும். ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை மீனுக்காக நாலு மாதம் அலைந்து ஜோடி சேர்த்திருந்தாள். அந்தப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பாள்.

சாக்கை எடுத்தாள். மீனுக்கு நல்லதென்று போட்ட பாதாம் இலை ஊறி, தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. நுரைக்குக் கீழே வெள்ளை மீன். ஒரு முட்டை நழுவியது. மீன் பின்னாலேயே இறங்கியது, கவ்வியது, மேலே வந்து நுரைக்குள் ஊதியது.

“பாத்தீங்களா! இவன் தகப்பன்!” என்றார் தெய்வசிகாமணி.

பிலோமினா செல்போன் விளக்கைப் போட்டு, நேராக அதன் மேல் பிடித்தாள்.

மீன் திரும்பியது. செவுளை விரித்துக்கொண்டு வெளிச்சத்தின் மேல் பாய்ந்தது. கண்ணாடியில் முட்டிக்கொண்டது. அவள் கையை எடுக்கவில்லை. இன்னொரு கை விரலால் நுரையைக் கிளறினாள். மீன் விரலைக் கடித்தது.

“மிரளுது குருவே.”

“பாத்துக்கறேன் சார். நீங்க பாத்துக்கிட்ட மாதிரி.”

மீன் கூட்டை மூன்று தரம் சுற்றியது. பிறகு ஒரு முட்டையைக் கவ்வியது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. இன்னொன்றைக் கவ்வியது. இன்னும் இரண்டு. வாய் புடைத்தது. நுரைப் பக்கம் போகவில்லை. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, இலைக்கு அடியில் போய் நின்றது. அதன் தொண்டை ஒரு முறை அசைந்தது.

“ஐயோ!”

அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். செல்போன் தரையில் விழுந்து சிதறியது. எத்தனையோ சாவுகளைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொட்டிக்குள் மீன் அடுத்த முட்டைக்குத் திரும்பியிருந்தது.

பிலோமினா சாக்கை இழுத்துப் போர்த்தினாள். அவள் முகத்திலும் ரத்தம் இல்லை.

“நாலு மாசம்மா… ஏம்மா இப்படிப் பண்ணே? வாயால சொல்லியிருக்கலாமே.”

“நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிருப்பீங்க.”

அவர் குனிந்து செல்போன் துண்டுகளைப் பொறுக்கினார்.

“வேற தகப்பன் வேணுமா சார்?”

தலையை ஆட்டினார். வேண்டாம். டப்பாவைக் கையில் எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கேட்காமல் போக அவரால் முடியவில்லை.

“அப்படிக் கண்ணுல வெச்சுக் காத்துட்டு, அதையே முழுங்கறானேம்மா. எப்படி மனசு வருது?”

“ஒளிச்சு வெக்கறான் சார்” என்றாள் பிலோமினா. “அவனுக்கு வேற இடம் ஏது?”